மூச்சுக்கு ஒரு சொல்

1989 டிசம்பர் இருபதாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, புந்தா சேக்கா குடியிருப்புக்கு நேர் எதிரே, உப்பங்கழியின் நடுவில் எழுந்த ஒரு சாம்பல் திமிங்கலம் "ஹோசஃபாத்" என்று சொல்லி மூச்சு விட்டது. அன்று வடமேற்குக் காற்று லேசாகத்தான் இருந்தது. ஐஸ் லாரி வழக்கம்போலத் தாமதம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஏழு பேர் அதைத் தெளிவாகக் கேட்டார்கள். "ஹோ" முதல் சீறலோடு மேலே போனது. மிச்சம் நீர்த்தூவல் சரியும்போது வந்தது. ஆறு பேர் திரும்பி ஏழாவது ஆளைப் பார்த்தார்கள். ஏழாவது ஆள்தான் ஹோசஃபாத், படகுச் சங்கத்தின் தலைவன். அவன் வலையைக் கீழே போட்டுவிட்டு "என்ன?" என்று கேட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். திமிங்கலம் இன்னும் மூன்று முறை அதே பேரைச் சொல்லிவிட்டு, வாலைத் தூக்கிக் காட்டி, உள்ளே போய்விட்டது. மத்தியானத்துக்குள் பதினொரு திமிங்கலங்கள் சொல்லிவிட்டன. ஜனவரி பாதிக்குள், கன்று போட வடக்கிலிருந்து எங்கள் கழிக்கு வந்து சேர்ந்திருந்த முந்நூற்றுச் சொச்சமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஊரில் ஆச்சரியப்படாத ஒரே ஆள் கசில்டா. சமையல் கொட்டகையில் சிப்பி கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள், கேட்டாள், சிரித்தாள். பத்து வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பேரை மூன்று குளிர்காலம் அதுகளுக்கு ஓதியவளே அவள்தான்.

விஷயம் 1979 பிப்ரவரியில் ஆரம்பித்தது. கசில்டாவின் புருஷன் லிப்ராதோவின் படகு கழிமுகத்துக்கு வெளியே எஞ்சின் நின்றுபோய்க் கிடந்தது. ஹோசஃபாத் தன் படகில் கயிறு கட்டி அதை இழுத்து வந்தான். மணல்திட்டு தாண்டும் இடத்தில் அலை மடங்கி உடைந்தது. ஹோசஃபாத் கரை சேர்ந்தான், லிப்ராதோ சேரவில்லை. தாய்த் திமிங்கலம் ஒன்று வாலால் அடித்தது, கயிறு அறுந்துபோனது, இதுதான் ஹோசஃபாத் சொன்ன கதை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குத் திமிங்கலம் என்றாலே குலை நடுங்கும். பிசாசு மீன் என்றுதான் பேர். கிட்டே வந்தால் கட்டையால் படகைத் தட்டித் தட்டி விரட்டுவார்கள். திமிங்கலம் அடித்துச் செத்தவனைப் பற்றி ஊரில் ஒருத்தரும் கேள்வி கேட்கக் கூடாது; அவன் படகைப் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தைத் தேடி அது திரும்ப வரும். கவிழ்ந்து ஒதுங்கிய லிப்ராதோவின் படகை அன்று மாலையே எரித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றியவன் ஹோசஃபாத்.

ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் கசில்டா படகைப் பார்த்துவிட்டாள். முன்வளையத்தில் ஒரு முழக் கயிறு கட்டியபடியே தொங்கியது. அறுந்த கயிறு நார் நாராகப் பிரிந்து கிடக்கும், மீனவன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா என்ன? இது சோப்புக்கட்டியை அரிந்ததுபோல் ஒரே சீராக இருந்தது. "இது கத்திடா! கத்தி பட்ட கயிறுடா இது!" என்று அவள் அலறினாள். நாலு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கத்தில் உளறுகிறாள் என்றார்கள். கயிறு எரிந்தது. ஹோசஃபாத் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைக் குத்திக் கொன்றுவிடலாம் என்று ஒரு வாரம் யோசித்தாள். செத்தவன் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டான் என்பதால் விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். லிப்ராதோவைக் கொன்றது யார் என்று ஊர் கேட்க வேண்டும், அவனும் அங்கே நின்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதற்காக அவள் சோறு தின்றாள், தூங்கினாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், அவனுக்கு வணக்கம்கூடச் சொன்னாள்.

இதற்கிடையில் உலகம் மாறியது. பிசாசு மீன்கள் பிசாசுகள் இல்லை என்று தெரியவந்தது. தானாகவே படகோரம் வந்து தலையைக் காட்டி, சொறிந்துவிடு என்று நின்றன. அதைத் தொட்டுப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மீன்பிடிப் படகுகள் பார்வையாளர் படகுகளாயின, யார் எப்போது போவது என்று சங்கம் முறைப்பட்டியல் போட்டது. 1986-ல் கசில்டா ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டியலில் தன் பேரையும் சேர்க்கக் கேட்டாள். பொம்பளை படகோட்டுவதா என்று சங்கத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். ஹோசஃபாத்தான் கையைத் தூக்கி அவர்களை அடக்கினான். "பாவம், தனியா நிக்கிற பொம்பள. பொழைச்சுப் போகட்டும் விடுங்கப்பா" என்றான். "ரொம்ப நன்றிங்க, தலைவரே" என்றாள் கசில்டா. அவன் வாழ்நாளில் செய்த ஒரே தர்மம் அவனுக்கே வினையாக முடிந்தது.

முதலில் அவளுக்குத் திட்டம் எதுவும் கிடையாது. ஊருக்குள் சொல்ல முடியாத பேரைத் தண்ணீரில் சொன்னாள், அவ்வளவுதான். பார்வையாளர்கள் கேமராவும் கையுமாக ஒரு பக்கம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, அவள் மறுபக்கம் குனிந்து, திமிங்கலத்தின் தலையில் ஒட்டியிருக்கும் கொட்டலசுச் சிப்பிகளைச் சுற்றி விரலால் வறட் வறட்டென்று சொறிந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு "ஹோசஃபாத், ஹோசஃபாத்" என்பாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது இருக்கும். வந்தவர்களுக்கு அவள் பாஷை தெரியாது. ஏதோ கொஞ்சுகிறாள் என்று நினைத்தார்கள். திமிங்கலங்களோ ஒரு கண்ணை மேலே திருப்பி அவளைப் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மார்ச்சில் வடக்கே போயின, டிசம்பரில் திரும்பின, மறுபடி கேட்டன. நாலாவது டிசம்பரில் நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

அந்தப் பேர் எங்கள் கழியோடு நிற்கவில்லை. திமிங்கலம் போகிற எட்டாயிரம் கிலோமீட்டர் வழி நெடுகிலும் அது கேட்டது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் கலங்கரை விளக்கம் பார்த்துக்கொள்ளும் ஒருவர், ஹோசஃபாத் என்பவர் யார், நலமாக இருக்கிறாரா என்று கேட்டுக் கடிதம் போட்டார். பெரிங் நீரிணைக்கு அந்தப் பக்கம் திமிங்கல வேட்டை ஆடுபவர்கள், பேர் சொல்லும் ஒன்றை எப்படி அடிப்பது என்று இரண்டு நாள் பஞ்சாயத்து பேசி, கடைசியில் அதை ஹோசஃபாத் என்று மரியாதையாக விளித்து, அனுமதி கேட்டு, அடித்துச் சாப்பிட்டார்களாம். கசில்டா இந்தச் செய்திகளை ரசித்துக் கேட்டாள். பேர் நாறட்டும், உலகம் பூரா நாறட்டும் என்று காத்திருந்தாள்.

பேர் நாறவில்லை, மணத்தது. திமிங்கலம் பேர் சொல்லிக் கூப்பிடும் மனிதனைப் பார்க்க மூன்று மடங்கு கூட்டம் வந்தது. ஹோசஃபாத் அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கினான். படகின் முன்னால் காலை அகட்டி நின்று, ஒவ்வொரு திமிங்கலம் கூப்பிடும்போதும் "வந்தேன் ராஜாத்தி, வந்தேன்" என்று தொப்பியைத் தூக்குவான். வெளிநாட்டுக்காரிகள் அவன் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஒரே வருஷத்தில் பதினொரு ஆண் குழந்தைகளுக்கு அந்தப் பேரை வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார் பாதிரியார். போதாக்குறைக்கு 1992 கடல் திருவிழாவில், ஆட்டுக்கறியும் பீரும் ஓடிய விருந்தில், அவன் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினான். "நம்ம லிப்ராதோவ அடிச்சுதே அந்தத் திமிங்கலம், அதுதான்யா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்குது. இனத்துக்கே சொல்லிவச்சிருக்குபோல. சரி போ, நானும் மன்னிச்சிட்டேன்!" ஊரே கைதட்டியது. சில பேர் அழுதார்கள்.

கசில்டா தட்டை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அவள் சிநேகிதி தொமாசா, அடுப்புக்கு அடுப்பு இருபது வருஷம் சேர்ந்து நின்றவள், பின்னாடியே ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"ஏண்டி, கறி சேரலையா?"

"கறிக்கு என்ன கேடு? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. பேர மட்டும் சொல்லிக்குடுத்தேன் பாரு. அந்தப் பேரு என்ன பண்ணுச்சுன்னு சொல்லிக்குடுக்கல."

தொமாசாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் மாரில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! நீயா? என் மருமவ புள்ளைக்கு அந்த நாய் பேர வச்சுட்டாளேடி! முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டாள் தொமாசா. "இப்ப என்ன செய்யப்போற?"

"முழுசா சொல்லிக்குடுக்கப்போறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி."

எளிதான வேலை இல்லை அது. திமிங்கலத்தின் மூச்சு ஒரு சொல்லுக்குத்தான் தாங்கும். எழுந்தால் நாலு மூச்சு விடும், பிறகு வாலைக் காட்டிவிட்டு ஐந்து நிமிஷம் உள்ளே இருக்கும். ஆக, சொல்ல வேண்டியதை நாலு சொல்லுக்குள் சொல்ல வேண்டும். கசில்டா ஒரு கோடை முழுக்க, சிப்பி கழுவும்போதும் துணி துவைக்கும்போதும், வார்த்தைகளை உதறி உதறிப் பார்த்தாள். கொலைகாரன் என்ற சொல்லை ஆசை ஆசையாக வைத்திருந்தாள், அதையும் தள்ளிவிட்டாள். கொலைகாரன் என்று யாரும் யாரையும் சொல்லலாம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ஹோசஃபாத், அறுத்தான், லிப்ராதோவின், கயிற்றை.

பெரிய திமிங்கலங்களிடம் இது எடுபடவில்லை. நாற்பது தாண்டிய ஆம்பிளைகளைப்போல அவை தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. 1993-ல் சில இளசுகள் புதுச் சொற்களைப் பிடித்தன, ஆனால் வரிசை குளறுபடி. கயிற்றை என்று ஒன்று ஆரம்பிக்கும், லிப்ராதோவின் என்று இன்னொன்று. அறுத்தான் என்பது மட்டும் எதற்கும் வாயில் நுழையவில்லை. கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள்? ஹோசஃபாத் லிப்ராதோவைக் காப்பாற்றக் கயிறு வீசினானாம். கடலில் உயிர் காத்த வீரன் என்று ஒரு பதக்கம் வேறு குத்திவிட்டார்கள். பதக்கம் குத்திய நாளில் கசில்டாதான் முன் வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள், காப்பாற்றப்படாமல் போனவனின் விதவை என்ற முறையில். அவன் அவளுக்குக் கை கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் கன்றுகளைப் பிடித்தாள். பிறந்து மூன்று வாரமே ஆன, கொட்டலசு ஒட்டாத மழமழத்த கன்றுகளை, தாய்கள் முதுகில் ஏந்திப் படகோரம் தள்ளிவிடும். பிள்ளையைக் காட்டிப் பெருமை அடிக்கிற ஆசை எல்லாத் தாய்க்கும் உண்டு. கசில்டா கன்றின் தலையில் கையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள், ஒரு சொல் சொல்வாள். கன்று அடுத்த மூச்சு விடும்வரை தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். பிறகு அடுத்த சொல். முதல் வருஷம் நாலு சொல் முடிவதற்குள் அவளுக்குக் கண் இருட்டும். மூன்றாவது வருஷத்தில் ஒரே மூச்சில் கழியின் அடியைத் தொட்டு வருமளவுக்கு நெஞ்சு பழகிவிட்டது. தலை நரைத்தது, முட்டி தேய்ந்தது, கல்யாணம் கேட்டு வந்த நல்ல மனுஷன் ஒருவனைத் திருப்பி அனுப்பினாள். வேறு எதற்கும் அவளிடம் இடம் இருக்கவில்லை. கன்றுகள் வடக்கே போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன.

1997 டிசம்பரில், பருவத்தின் முதல் நாள், படகுகளை மந்திரிக்கப் பாதிரியார் வந்திருந்தார். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ஹோசஃபாத் தன் படகில், தொப்பியும் பதக்கமுமாக, பன்னிரண்டு பார்வையாளர்களோடு நூறு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் படகுக்குப் பக்கத்தில் ஒரு திமிங்கலம் எழுந்தது. "ஹோசஃபாத்" என்றது. அவன் தொப்பியைத் தூக்கினான். "அறுத்தான்" என்றது. தொப்பி தூக்கியபடியே நின்றது. "லிப்ராதோவின்." "கயிற்றை." வாலைக் காட்டிவிட்டு உள்ளே போனது. அது முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இன்னொன்று ஆரம்பித்தது, அதற்கப்பால் மூன்றாவது, பிறகு கழி முழுக்க. ஒன்றுகூட வரிசை பிசகவில்லை.

"பொய்! வாயில்லா ஜீவன், இதுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினான் ஹோசஃபாத்.

தொமாசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கினாள். "இத்தனை வருஷம் உன் பேரச் சொன்னப்ப மட்டும் எல்லாம் தெரிஞ்சுதாக்கும்? அப்ப தொப்பியத் தூக்குனியே, இப்பவும் தூக்குடா!"

அவனை யாரும் அடிக்கவில்லை. கரைக்கு வந்தபோது யாரும் அவன் படகின் கயிற்றைப் பிடித்துக் கட்டவும் இல்லை. அடுத்த ஞாயிறு பதினொரு தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயில் வாசலில் வரிசையில் நின்றார்கள். பாதிரியார் புதுப் பேர் யோசித்து யோசித்துக் களைத்துப் போனார். கசில்டா அன்று ராத்திரி பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் என்று ஊரில் நினைத்தார்கள். அவள் தூங்கவில்லை. ஊர் கேட்டாயிற்று, அவனும் கேட்டாயிற்று. ஆமாம் என்று அவன் இன்னும் சொல்லவில்லையே.

அவன் சொல்லாமலே ஓடிவிட்டான். எங்கள் தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டி, அந்தப் பக்கத்து வளைகுடாக் கரையில், கணவாய் மீன் பதப்படுத்தும் கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சாம்பல் திமிங்கலம் எட்டிப் பார்க்காத கடல் அது. மூன்று வருஷம் நிம்மதியாக இருந்தான், ஒரு விதவையோடு சிநேகம்கூட ஆனது. நாலாவது வருஷம் மார்ச்சில், வழி தவறியதோ தவறாததோ, ஒரே ஒரு திமிங்கலம் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நீந்தி, அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்து, கொட்டகைக்கு எதிரே எழுந்து, நாலு சொல்லையும் நிதானமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. கணவாய்க்காரர்கள் அவனைப் பார்த்தார்கள். விதவை அவன் பெட்டியை வாசலில் எடுத்து வைத்தாள். வேறு போக்கிடம் இல்லாமல் அவன் புந்தா சேக்காவுக்கே வந்தான். ஊர் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

2004 பிப்ரவரியில் ஒரு காலை கசில்டாவின் வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வாசற்படியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னைப் படகுல கூட்டிட்டுப் போறியா? அதுககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

கசில்டா சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கழியின் நடுவில் எஞ்சினை நிறுத்தினாள். அவன் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் பின்னால், இரண்டு கை தூரத்தில். ஒரு தாய்த் திமிங்கலம் வந்து தலையைத் தூக்கியது. அவன் குனிந்தான். அவன் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள். "மன்னிச்சிடு, தாயே" என்றான். "பயந்துட்டேன். அலை சுவர் மாதிரி வந்துச்சு. அவன் கனம் என்னையும் சேத்து இழுத்துச்சு. கத்தி கையில இருந்துச்சு, அறுத்துட்டேன். அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான், நான் திரும்பிப் பாக்கல. பழிய உங்க மேல போட்டேன். மன்னிச்சிடு, போதும், விட்டுடு." திமிங்கலம் முழுதும் கேட்டது. பிறகு அவன் முகத்துக்கு நேரே, நாலு மூச்சையும், நாலு சொல்லையும் விட்டது. தொப்பலாக நனைந்தான்.

 லிப்ராதோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்பது கசில்டாவுக்கு அதுவரை தெரியாது. இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது, ஆனால் வேறு திசையில் போய்விட்டது. இப்போது திரும்புவான், இப்போது என் பக்கம் திரும்புவான் என்று அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, கரைக்குப் போ" என்றான், திரும்பாமலே. "குளிருது."

"ஏன்டா," என்றாள் கசில்டா. குரல் உயரவில்லை. "அதோட புருஷனையா கொன்ன?"

அவன் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் எஞ்சினை இழுத்துவிட்டாள். அன்று மத்தியானம் தொமாசாவிடம் மட்டும் சொன்னாள்: "அஞ்சாவது மூச்சுக்கு ஒரு சொல்லு வச்சிருந்தேன்டி. திரும்பி என் மூஞ்சியப் பாத்திருந்தான்னா நாளைக்கே சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சிருப்பேன்." என்ன சொல் என்று தொமாசா கேட்டாள். "இனி எதுக்கு?" என்றாள் கசில்டா, சிப்பியைக் கழுவினாள்.

மறு வருஷம் பிப்ரவரியில் ஹோசஃபாத் செத்துப்போனான். காய்ச்சல்தான். கழிக்கு மேலே மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பாதிரியார் ஜெபத்தை ஆரம்பிக்கவும், கரைக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒரு திமிங்கலம் எழவும் சரியாக இருந்தது. அவர் நிறுத்தினார். அது நாலையும் சொல்லி முடித்தது. மறுபடி ஆரம்பித்தார், நீளமாக இழுத்துவிட்டார், அது அடுத்த முறை எழுந்து அவர் வாக்கியத்தின் நடுவில் புகுந்தது. அதற்குள் அவருக்குப் பக்குவம் பிடிபட்டுவிட்டது. அது வாலைக் காட்டியதும் ஐந்து நிமிஷம் வேகமாக ஓதினார், எழுந்ததும் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நின்றவர்களும் அப்படியே தலை குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார்கள். ஆறு முறையில் ஜெபம் முடிந்தது.

கசில்டா எல்லாருக்கும் கடைசியாக ஒரு பிடி மண்ணைப் போட்டாள். திமிங்கலம் எழுபது வருஷம் வாழும், கன்றுகளோ வருஷா வருஷம் கற்றுக்கொண்டு போகின்றன. அவள் கையைத் தட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கீழே படகடியில் எட்டுப் பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி தண்ணீரைக் காட்டி, அது என்ன சொல்கிறது என்று அரைகுறையாகக் கேட்டாள். கசில்டா அவளுக்கு மிதவைச் சட்டையை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, என் புருஷனைப் பற்றி என்று சொன்னாள்.